அப்பா வழியைத் தேட எது சரி: பதிவேடா, ஒய் பரிசோதனையா, விழுக்காட்டுப் பரிசோதனையா?

அப்பா வழி மூதாதையரைத் தேட எந்தப் பரிசோதனை செய்யலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். அந்த வழியில் வந்த ஆண்பிள்ளை யாராவது உங்கள் குடும்பத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறாரா? கம்பெனி, விலை, தள்ளுபடி எல்லாம் அப்புறம்.

வடசென்னையில் பெரம்பூர், இராயபுரம், வியாசர்பாடி பக்கத்திலிருந்து வருகிற கேள்விகள் பெரும்பாலும் மூன்று வகை. தாத்தா ரயில்வேயில் லோகோ ஓட்டியவர், பெயர் ஆங்கிலப் பெயர், அவருக்கு முந்தையவர் யாரென்று தெரியாது. அல்லது, வீட்டுப் பெயர் பெர்னாண்டோ, பெரேரா, ஆனால் போர்த்துக்கீசியர் யாராவது வம்சத்தில் இருந்தார்களா என்று தெரியாது. அல்லது, பர்மாவிலிருந்து வந்த குடும்பம், பாட்டியின் முகம் வேறு மாதிரி இருக்கும், அதைப் பற்றி வீட்டில் யாரும் பேச மாட்டார்கள்.

என் கேள்வி முதல் வகை. என் அம்மா ஆங்கிலோ இந்தியக் குடும்பம். தெருவில் ‘சட்டைக்காரங்க வீடு’ என்றால்தான் தெரியும். அம்மாவின் அப்பா பெரம்பூரில் ரயில் டிரைவர். என் அப்பாவோ செங்கல்பட்டுப் பக்கத்துத் தமிழர். அரசியல் சாசனம் 366(2)ஆம் பிரிவில் ஆங்கிலோ இந்தியர் என்பதற்கு விளக்கம் சொல்கிறது. அப்பாவோ அப்பா வழியில் வேறு ஓர் ஆண் மூதாதையோ ஐரோப்பிய வம்சமாக இருக்க வேண்டும், இந்தியாவில் குடியிருக்கும் பெற்றோருக்கு இங்கே பிறந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில் என் தாய்மாமா ஆங்கிலோ இந்தியர், நான் இல்லை. உயிரியலும் இந்த விஷயத்தில் அதே கோட்டில்தான் போகிறது. ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிறது. மாமாவிடம் இருப்பது தாத்தாவின் ஒய். என்னிடம் இருப்பது செங்கல்பட்டு ஒய். தாத்தாவின் வழியை அறிய என் எச்சிலை எத்தனை முறை அனுப்பினாலும் பயன் இல்லை.

எதை வைத்து முடிவு செய்வது

ஒய் குரோமோசோமின் பெரும்பகுதி மற்ற குரோமோசோம்களோடு கலக்காமல் அப்படியே இறங்கி வருகிறது. நடுவில் எப்போதாவது அதன் மரபணு வரிசையில் ஓர் எழுத்து மாறும். அந்த மாற்றம் அந்த ஆணின் மகன், பேரன், கொள்ளுப்பேரன் எல்லோரிடமும் தங்கிவிடும். இந்த மாற்றங்களை வரிசைப்படுத்தி, உலகத்து ஆண்கள் எல்லோரையும் ஒரே மரத்தின் கிளைகளாக வைத்துவிடலாம். கிளைகளுக்கு எச், எல், ஆர்1ஏ, ஆர்1பி, ஜே2, ஓ என்று பெயர். எச், எல், ஆர்2 மூன்றும் பெரும்பாலும் நம் பக்கம். ஆர்1பி-யின் ஒரு பெரிய கிளை மேற்கு ஐரோப்பாவில் மிக அதிகம், நம் ஊரில் அபூர்வம். ஓ கிழக்கு, தென்கிழக்கு ஆசியா.

கலப்பு வம்சத்தில் இது ஏன் முக்கியம் என்றால், கலப்பு நடந்தபோது ஆணும் பெண்ணும் ஒரே திசையிலிருந்து வரவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் 1687இல் சென்னைக்கு எழுதிய கடிதத்தில், சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்தால் பிறக்கும் குழந்தையின் ஞானஸ்நான நாளில் தாய்க்கு ஒரு வராகன் கொடுக்கலாம் என்றார்கள். ஆண் கப்பலில் வந்தான், பெண் இந்த மண்ணில் இருந்தாள். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் உள்ள கலப்பின மக்களிடமும் இதே கதைதான். அவர்களின் தாய்வழி பெரும்பாலும் அந்த மண்ணின் கோய்சான் பெண்களிடம் போகிறது, தந்தை வழியோ பல கண்டங்களுக்குச் சிதறுகிறது. அங்கே டச்சுக் கம்பெனி அடிமைகளாகக் கொண்டுபோனவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்களும் உண்டு. அந்தக் கம்பெனிக்கு இந்தக் கரையில் தலைமையிடமாக இருந்த பழவேற்காடு நமக்கு வடக்கே ஒரு பஸ் பயணத் தூரம்தான்.

ஆகவே ஒவ்வொரு வழியையும் நான் நான்கு கேள்விகளால் எடை போடுகிறேன். கேட்ட கேள்விக்குப் பதில் தருமா? எத்தனை தலைமுறை பின்னால் போகும்? விலைப்பட்டியலில் இல்லாத செலவு என்ன? என்னைத் தவிர வேறு யாருடைய ரகசியம் வெளியே வரும்? இந்த நான்காவது கேள்வியைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். முதலில் யோசிக்க வேண்டியது அதுதான்.

பதிவேடு

பெயர் தருவது இது ஒன்றுதான். எந்த மரபணுச் சோதனையும் தானாக ‘உங்கள் முப்பாட்டன் பெயர் இது’ என்று சொல்லாது.

செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயப் பதிவேடு 1680இல் தொடங்குகிறது. சென்னை மாகாணத்துத் தேவாலயங்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்குப் போயின. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. அந்த வரிசை 1698 வரை பின்னால் போகிறது. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் சங்கத்தின் இணையதளத்திலும், ஃபேமிலிசர்ச் தளத்திலும் காசில்லாமல் பெயர் தேடலாம். கத்தோலிக்கப் பதிவுகள் எல்லாம் லண்டன் போகவில்லை. அவற்றுக்குப் பங்கு அலுவலகத்துக்கே போக வேண்டும். பழைய பக்கங்கள் லத்தீனில் இருக்கலாம். காசிமேடு கல்லறையின் கல்லெழுத்தும் ஒரு பதிவேடுதான். சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக 1789இல் எழும்பூரில் தொடங்கிய ஆண் அனாதை இல்லத்தில் வளர்ந்தவர் என்று வீட்டில் பேச்சிருந்தால், தேடுதல் அந்தப் பக்கம் திரும்பும்.

மறைந்த செலவு, நேரம். ஒரே ஆளின் பெயர் மூன்று பதிவேட்டில் மூன்று எழுத்துக்கூட்டலில் இருக்கும். நான் ஒரு பெயருக்காக நான்கு சனிக்கிழமைகள் ஓர் அலுவலகத்தில் காத்திருந்தேன். பொறுப்பாளர் வராத நாள்களே அதிகம். தாயின் பெயர் பல இடங்களில் ஞானஸ்நானப் பெயராக மட்டும் நிற்கும், சில இடங்களில் ‘உள்ளூர்ப் பெண்’ என்பதோடு முடியும். அப்பா வழியைத் தேடுகிறவர்களுக்கு இது தடை இல்லை. ஆனால் அந்த வரியைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது. அவள்தானே எங்கள் பாட்டியின் பாட்டி?

பதிவேட்டின் இன்னொரு பலவீனம், அது எழுதச் சொன்னதை எழுதும். வளர்ப்பு அப்பாவின் பெயர், ஞானத்தகப்பனின் பெயர், இல்லத்தில் வைத்த பெயர் எல்லாம் ஒரே மையில்தான் எழுதப்பட்டிருக்கும். பெர்னாண்டோ, பெரேரா குடும்பங்கள் இதை மறக்கக் கூடாது. தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களில் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றபோது போர்த்துக்கீசியப் பெயர்களை ஏற்றார்கள். அந்தப் பெயரோடு வந்தது ஞானஸ்நானம். போர்த்துக்கீசிய ரத்தமும் வந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

சான்றிதழோ விசாவோ நோக்கம் என்றால் வேறு யோசனையே வேண்டாம், இதுதான். தாத்தா பாட்டியில் ஒருவர் பிரிட்டனில் பிறந்தவர் என்று காட்டிப் பெறும் விசாவுக்குக் கேட்பது பிறப்புச் சான்றைத்தான். எச்சில் பரிசோதனை அறிக்கையை அங்கே நீட்ட முடியாது.

முப்பத்தேழு குறியீட்டு ஒய் பரிசோதனை

கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்புவது. ஒய் குரோமோசோமில் சில இடங்களில் ஒரு சின்னத் துணுக்கு திரும்பத் திரும்ப வரும். அது எத்தனை முறை வருகிறது என்று 37 இடங்களில் எண்ணுகிறார்கள். அந்த இடங்களைத்தான் குறியீடு என்கிறார்கள். விலை 100 டாலரையொட்டி. இந்தியாவுக்கு அனுப்புகிறார்களா, திருப்பி அனுப்பும் கூரியர் செலவு யாருடையது, சுங்கம் உண்டா என்று ஆர்டர் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இரண்டு ஆண்கள் ஒரே அப்பா வழியா என்று பார்க்க இது நல்ல கருவி. பெரம்பூரில் ஒரு குடும்பமும் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஒரு குடும்பமும் ஒரே பெயரோடு இருந்தால், இரண்டு வீட்டிலும் ஓர் ஆண் சோதனை செய்து ஒப்பிட்டால் பெரும்பாலும் விடை கிடைக்கும். ‘எங்கிருந்து வந்தோம்’ என்ற கேள்விக்கு இது போதாது. நான் நூறு டாலர் கொடுத்துக் கற்ற பாடம் இது. மாமாவின் மாதிரியை முதலில் ஒரு கம்பெனிக்கு அனுப்பினோம். அவர்கள் பார்த்தது வெறும் 12 குறியீடு. ‘ஆர்1பி, மேற்கு ஐரோப்பா’ என்று எழுதி, வரைபடத்தில் பாதி ஐரோப்பாவுக்கு நிறம் அடித்து அனுப்பினார்கள். பிரிட்டனில் பாதிக்கு மேற்பட்ட ஆண்கள் ஆர்1பிதான். 12 குறியீட்டில் அவர்களில் உறவே இல்லாத பலர் ஒருவருக்கொருவர் பொருந்திப் போவார்கள். எங்கள் வீட்டில் பெரியம்மா தாத்தாவை ஐரிஷ் வம்சம் என்பார், சின்னம்மா பழவேற்காட்டு டச்சு என்பார். அந்த அறிக்கையை வைத்து இருவரும் தங்கள் கட்சிதான் ஜெயித்தது என்றார்கள்.

ஆர்1ஏ, ஜே2 என்று வந்தால் சிக்கல் இன்னும் பெரிது. ஆர்1ஏ கிழக்கு ஐரோப்பாவிலும் உண்டு, நம் ஊரிலும் உண்டு. ஜே2 மத்தியதரைக் கடலோரம், ஆர்மேனியா, தமிழ்நாடு மூன்றிலும் உண்டு. சென்னை ஆர்மேனியன் தெரு வணிகரின் வம்சம் என்று நம்புகிற குடும்பத்துக்கு ஜே2 என்று மட்டும் வந்தால் அது இந்தப் பக்கமும் சொல்லவில்லை, அந்தப் பக்கமும் சொல்லவில்லை.

ஆழமான ஒய் பரிசோதனை

இது ஒய் குரோமோசோமின் படிக்க முடிந்த பகுதியை எழுத்து எழுத்தாகப் படிக்கிறது. ஃபேமிலி ட்ரீ டிஎன்ஏ விற்கும் பிக் ஒய்-700 இந்த வகை. 400 டாலருக்கு முன்னே பின்னே ஆகும். சராசரியாகச் சுமார் 80 ஆண்டுக்கு ஒரு மாற்றத்தைப் பிடிக்கும் அளவுக்கு நுணுக்கம் உண்டு.

மேலே சொன்ன குழப்பங்கள் தெளிவது இங்கேதான். ஆர்1ஏ என்றால், ஐரோப்பியரிடம் அதிகம் உள்ள இசட்283 கிளையா, ஆசியாவில் பரவிய இசட்93 கிளையா என்று தெரிந்துவிடும். ஆர்1பி-க்குள் எல்21 கிளை அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து பக்கம் அதிகம். யு106 நெதர்லாந்து, ஜெர்மனி, இங்கிலாந்து பக்கம். டிஎஃப்27 ஸ்பெயின், போர்த்துக்கல் பக்கம். சாந்தோமில் போர்த்துக்கீசியர், பழவேற்காட்டில் டச்சுக்காரர், கோட்டையில் ஆங்கிலேயர் என்று மூவரும் முப்பது கல் தொலைவுக்குள் இருந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பிரிப்பு கிடைக்காது. ஆனாலும் இது தீர்ப்பு அல்ல. யு106 வந்தால் டச்சாகவும் இருக்கலாம், ஆங்கிலேயராகவும் இருக்கலாம். பதிவேடு இல்லாமல் அதைப் பிரிக்க முடியாது.

மறைந்த செலவு ஒன்று, தரவுத்தளம். அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தார். உங்கள் வழி ஐரிஷ் என்றால் நெருங்கிய பொருத்தங்கள் வரும். தமிழ் எச் அல்லது எல் என்றால் ஆயிரக்கணக்கான ஆண்டுக்கு முந்தைய பொருத்தம் வரும், அதற்கப்புறம் காலி. அதே பணம், பாதிப் பயன். நம் பக்கத்து ஆண்கள் அதிகம் பேர் சேரும்வரை அது அப்படித்தான் இருக்கும்.

இன்னொரு செலவு, மனசு. இராயபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், நான்கு தலைமுறையாக ஆங்கிலப் பெயர். வந்தது எச். பெரியவர் ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. வளர்ப்புப் பிள்ளையாக இருக்கலாம், மாற்றாந்தகப்பன் பெயராக இருக்கலாம், மதம் மாறியபோது எடுத்த பெயராக இருக்கலாம். ஐரோப்பியக் குடும்பங்களில் நடந்த ஆய்வுகளில், பதிவேட்டு அப்பாவும் உண்மை அப்பாவும் வேறாக இருந்தது தலைமுறைக்கு நூற்றில் ஒன்றையொட்டி. எட்டுத் தலைமுறைக்கு அது நூற்றில் எட்டை நெருங்கும். மாதிரி எடுப்பதற்கு முன்பே ‘எது வந்தாலும் சரியா?’ என்று கேட்டு, வாய் நிறையச் சரி என்று சொன்ன பிறகுதான் பஞ்சுக் குச்சியை எடுக்க வேண்டும். மாதிரி கொடுப்பவர் ஒருவர், ஆனால் அவருடைய அண்ணன் தம்பி, சித்தப்பா, பெரியப்பா மக்கள் எல்லோருடைய ஒய்யும் அதுதான்.

விழுக்காட்டுப் பரிசோதனை

விளம்பரத்தில் அதிகம் வருவது இது. மீதி 22 ஜோடி குரோமோசோம்களைப் பார்த்து ‘இத்தனை விழுக்காடு தென்னிந்தியா, இத்தனை விழுக்காடு பிரிட்டன்’ என்று சொல்லும். ஆண், பெண் யாரும் கொடுக்கலாம். விலையும் குறைவு.

அப்பா வழிக்கு இது மோசமான கருவி என்பது என் கணிப்பு. ஒவ்வொரு தலைமுறையிலும் பங்கு பாதியாகக் குறைகிறது. தாத்தாவின் தாத்தாவின் அப்பா உங்களுக்கு ஐந்து தலைமுறை மேலே. அவரிடமிருந்து சராசரியாக 3 விழுக்காடு. ஏழு தலைமுறை மேலே ஒருவர் என்றால் 1 விழுக்காட்டுக்கும் கீழே. கம்பெனிகள் 1 விழுக்காட்டைச் சொல்லும்போது அது உண்மையா, கணக்குப் பிசகா என்று நம்மால் பிரித்தறிய முடியாது. ஒய்யோ பத்துத் தலைமுறை ஆனாலும் தேயாது. அதே சமயம், பத்துத் தலைமுறைக்கு மேலே உங்களுக்கு 1,024 மூதாதையர் இடங்கள். ஒய் பேசுவது அதில் ஒரே ஓர் ஆளைப் பற்றி. மீதி 1,023 பேரும் உங்கள் வம்சம்தான்.

விழுக்காட்டைவிட இதில் உருப்படியானது உறவினர் பட்டியல். கொள்ளுத்தாத்தாவின் அப்பா அம்மாவைப் பொதுவாகக் கொண்ட மூன்றாம் நிலைச் சகோதரர்கள் இதே சோதனையைச் செய்திருந்தால், அவர்களில் பத்தில் ஒன்பது பேரையாவது இது கண்டுபிடித்துவிடும். 1947க்குப் பிறகு கப்பலேறிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் பேரன் பேத்திகள் பெர்த், மெல்போர்ன், லண்டன், டொரான்டோ எங்கும் இருக்கிறார்கள். பழைய படங்களும் குடும்ப பைபிளும் அவர்கள் வீட்டில் இருக்கலாம். என் அம்மா கொடுத்த மாதிரியில் ஒரு பொருத்தம் மெல்போர்னில் கிடைத்தது. அந்தப் பெண்மணி அனுப்பிய பைபிளின் முதல் பக்கத்துப் படத்தில்தான் தாத்தாவின் தாத்தா பெயரை முதன்முதலில் பார்த்தோம்.

ஆபத்தும் இங்கேதான் அதிகம். இந்தச் சோதனையை விற்கும் 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023இல் நடந்த ஊடுருவலில் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியேறின. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டது. உங்கள் கடவுச்சொல்லை மாற்றலாம், மரபணுவை மாற்ற முடியாது.

ஒரே பார்வையில்

| | பதிவேடு | 37 குறியீட்டு ஒய் | ஆழமான ஒய் | விழுக்காடு |
|---|---|---|---|---|
| பெயர் கிடைக்குமா | கிடைக்கும் | பொருந்தும் உறவினர் வழியாக மட்டும் | அதேபோல | உறவினர் பட்டியல் வழியாக |
| எவ்வளவு பின்னால் | அதிகம் போனால் 1680 | சில நூறு ஆண்டு | ஆயிரக்கணக்கான ஆண்டு | ஐந்தாறு தலைமுறை |
| யாருடைய மாதிரி | வேண்டாம் | அந்த வழி ஆண் | அந்த வழி ஆண் | யாருடையதும் |
| மறைந்த செலவு | நேரம், அலைச்சல் | அரைகுறைப் பதில் | நம் ஆட்கள் இல்லாத தரவுத்தளம் | தனியுரிமை |

யாருக்கு எது

பர்மாக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலும் கடல் தாண்டிப் போனது தமிழ் ஆண், மணந்தது அங்கே பிறந்த பெண். ஒய் பரிசோதனை செய்தால் தமிழ்நாட்டுக் கிளைதான் வரும், பாட்டியைப் பற்றி ஒரு வரியும் வராது. உங்களுக்குத் தாய்வழியைச் சொல்லும் மைட்டோகாண்டிரியப் பரிசோதனையோ விழுக்காட்டுப் பரிசோதனையோதான் பொருத்தம். அதிலும் பாட்டியின் மகனோ மகளோ, மகள் வழிப் பேரனோ பேத்தியோதான் தாய்வழிக்கு மாதிரி கொடுக்க வேண்டும்.

பெர்னாண்டோ, பெரேரா குடும்பங்களுக்கு ஆழமான ஒய். அடிப்படைச் சோதனையில் காசைப் போட்டுவிட்டு இரண்டாவது முறை போடாதீர்கள். ஆங்கிலப் பெயர்க் குடும்பங்கள் பதிவேட்டிலிருந்து தொடங்கலாம். பதிவேடு அறுந்துபோகும் இடத்தில் ஆழமான ஒய்யைச் சேர்க்கலாம். பெண்பிள்ளைகள் மட்டும் மிஞ்சியிருக்கும் வீடு என்றால், அப்பாவின் தம்பி மகனைத் தேடுங்கள். அவரும் இல்லையென்றால் தாத்தாவின் தம்பி வழிப் பேரனைத் தேடுங்கள்.

சாதியை நிரூபிக்க ஒய் பரிசோதனை செய்யலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். செய்யாதீர்கள். தமிழ்நாட்டில் 12 பழங்குடி, 19 பிற சமூகங்களிலிருந்து 1,680 ஆண்களின் ஒய்யை எடுத்து 2012இல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் தெரிந்த பிரிவுகள் சாதி அமைப்புக்கு முன்பே, விவசாயம் பரவிய காலத்தோடு பொருந்தின. எந்த ஒய் கிளையும் ஒரு சாதியின் சொத்து இல்லை.

வயதான ஆள்தான் அந்த வழியின் கடைசி ஆண் என்றால் என் வரிசை மாறும். பதிவேடு பத்து வருடம் கழித்தும் அலமாரியில் இருக்கும், அவர் இருக்க மாட்டார். முதலில் அவருடைய சம்மதத்தோடு மாதிரி எடுத்து, சேமித்து வைக்கிற கம்பெனிக்கு அனுப்புங்கள். குறைந்த விலைச் சோதனையில் தொடங்கினாலும், பிற்பாடு அதே மாதிரியிலிருந்து ஆழமான சோதனைக்கு மாறலாம். அவருக்குப் பிறகு கம்பெனியில் உள்ள அவருடைய கணக்கு யாருக்கு என்பதையும் எழுதி வாங்கிவிடுங்கள்.

மாமாவுக்கு இப்போது 82. பிள்ளை இல்லை. இரண்டாவது கம்பெனிக்கு அவர் மாதிரி போய்விட்டது, முடிவு எல்21 கிளை என்று வந்தது. பெரியம்மா கட்சிக்குப் பலம். சின்னம்மா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பைபிளில் பார்த்த பெயரைக் கையில் வைத்துக்கொண்டு 1860களின் ஞானஸ்நானப் பக்கங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை மாமாவும் கூட வருகிறேன் என்றிருக்கிறார்.